முடிவெடுக்கப் பழகும் இளங்குழந்தை

(குழந்தை வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்களுக்கும் மாணவர்களுக்குமான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் கட்டுரை வடிவம்)

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியை அறியாதார் இலர். குழந்தையை இளமையிலேயே அடக்கிப் பழக்க வேண்டும் என்பதற்குச் சான்றாக இது பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஆயினும் இப்பழமொழியில் வேறொரு பொருளும் அடங்கியுள்ளது. ஐந்து வயதுக்குள் படியும் பழக்கம் எதுவாயினும் அது நெடுங்காலம் நிலைக்கிறது. கீழ்ப்படியும் பழக்கத்தைப் போலவே, எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கமும் அவ்வயதிலேயே வேர் கொள்ள வேண்டியதாகும். பதினெட்டு வயதில் வாக்களிக்கும் உரிமையை நாடு ஒருவருக்கு அளிக்கிறது. எந்தப் படிப்பைப் படிப்பது, எந்தத் தொழிலை மேற்கொள்வது, யாரை மணப்பது என்னும் வினாக்களும் ஏறத்தாழ அதே பருவத்தில் எழுகின்றன. அதுவரை ஒரு சிறு முடிவைக்கூடத் தானாக எடுத்திராத இளைஞர், அந்நாளில் திடீரெனத் தெளிவு பெற்றுவிடுவார் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

குழந்தைக்கு முடிவெடுக்கக் கற்பிப்பது என்றால், குழந்தை விரும்பியதையெல்லாம் செய்ய விடுவது என்று சிலர் கருதுவர். இது பிழையான கருத்தாகும். முடிவெடுத்தல் ஒரு திறன். தன் விருப்பத்தை அறிதல், கிடைக்கக்கூடியவற்றை ஒப்பிடுதல், ஒன்றைத் தேர்ந்து மற்றதை விடுதல், விளைவை ஏற்றல், அடுத்த முறை அதனை நினைவில் கொள்ளுதல் ஆகிய படிகள் அதில் உள்ளன. நடக்கப் பழகுவதற்கு எவ்வாறு தரையும் பிடிமானமும் சில விழுதல்களும் தேவைப்படுகின்றனவோ, அவ்வாறே இத்திறனுக்கும் வாய்ப்பும் எல்லையும் சிறு தவறுகளும் தேவைப்படுகின்றன.

குழந்தைப் பருவத்தின் இயல்பு

ஓராண்டு நிறைந்த குழந்தை, ஊட்டப்படும் உணவிலிருந்து முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. இரண்டு வயதில் ‘மாட்டேன்’ என்னும் சொல்லை ஓயாது கூறுகிறது. மூன்று வயதில் சட்டையைத் தானே அணிய வேண்டுமென்று அடம் பிடிக்கிறது. இவற்றைப் பிடிவாதம் என்று பெரியோர் கூறுவர். உளவியலறிஞர் எரிக் எரிக்சன் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு வேறு விளக்கம் தந்தார். வாழ்வின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் குழந்தை தன்னாட்சி உணர்வைத் தேடுகிறது. அதனை இடைவிடாது தடுத்து இழித்துரைத்தால் வெட்கமும் ஐயமும் தங்கிவிடுகின்றன. அதற்கடுத்த பருவத்தில், ஏறத்தாழ ஆறு வயது வரை, தானே ஒரு செயலைத் தொடங்கும் முனைப்பு வளர்கிறது. அது ஒடுக்கப்பட்டால் குற்றவுணர்வு மிகுகிறது என்பது அவர் கருத்து.

இன்றைய மூளை ஆய்வு இத்துடன் மற்றொன்றையும் சேர்த்துள்ளது. செய்திகளை மனத்தில் நிறுத்தி வைத்தல், உடனடி உந்துதலை அடக்குதல், ஒரு வழி பயன்படாதபோது மற்றொன்றுக்கு மாறுதல் ஆகிய மூன்று திறன்களே முடிவெடுத்தலுக்கு அடிப்படையானவை. இவற்றுடன் நெருங்கிய தொடர்புடைய முன்மூளைப் பகுதி முழு முதிர்ச்சி அடைவதற்கு இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. எனினும் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான காலத்தில் இத்திறன்கள் விரைந்து வளர்கின்றன. ஆகவே இவ்வயதுக் குழந்தையிடம் பெரியவரின் நிதானத்தை எதிர்பார்ப்பதும் தவறு. ‘அதற்கு என்ன தெரியும்’ என்று ஒதுக்குவதும் தவறு.

இந்திய முன்னோடிகள்

குழந்தையின் விருப்பத்துக்கு மதிப்பளித்தல் அயல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. குஜராத்திலுள்ள பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920ஆம் ஆண்டில் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். வழக்கறிஞராயிருந்த அவர் அத்தொழிலை விட்டுக் கல்விப் பணிக்கு வந்தவர். அடியும் அச்சமும் இன்றிக் குழந்தை கற்க முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். கதை, பாட்டு, நாடகம், தோட்டவேலை, கைவேலை ஆகியன அங்கே இடம் பெற்றன. மக்கள் அவரை ‘மீசை வைத்த தாய்’ என்று பொருள்படும் பெயரால் அன்புடன் அழைத்தனர்.

அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், இக்கருத்தை வறியோரின் வாயிலுக்குக் கொண்டு சென்றார். மகாராஷ்டிரத்தின் கடலோரச் சிற்றூரான போர்டியில் 1940களில் அவர் பணி தொடங்கியது. ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளியே அவர்களுடைய வீட்டு முற்றத்துக்குச் சென்றது. முற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ‘அங்கன்வாடி’ என்னும் பெயர் பிறந்தது. விலையுயர்ந்த கருவிகளுக்கு மாறாகக் கூழாங்கற்கள், சிப்பிகள், விதைகள், இலைகள் ஆகியவற்றை அவர் பயன்படுத்தினார். பின்னர் கோஸ்பாட் மலைப் பகுதியில் அனுதாய் வாக் அவர்களுடன் இணைந்து, வார்லிப் பழங்குடியினரிடையே இப்பணியைத் தொடர்ந்தார். ஆடுமாடு மேய்க்கும் குழந்தைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தப்பட்டது. குழந்தையின் நிலைமைக்கு ஏற்பப் பள்ளி வளைந்து கொடுத்தது என்பதே இதன் சிறப்பாகும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, அடையாற்றில் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். போர்க் காலம் முழுவதும் அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. குழந்தை தன் வேலையைத் தானே தேர்ந்து, தன் வேகத்தில் செய்து முடித்து, பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது அவருடைய முறையின் உயிர்நாடியாகும். இதில் உரிமையும் பொறுப்பும் இணைந்தே செல்கின்றன. ஒருவர் கையில் உள்ள பொருளை மற்றவர் பறிக்கலாகாது, காத்திருக்க வேண்டும். எல்லையற்ற உரிமை அங்கும் இல்லை.

சட்டமும் கொள்கையும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. இன்று நாட்டில் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை ஆகியவற்றோடு முன்பள்ளிக் கல்வியும் தொடக்கத்திலிருந்தே இத்திட்டத்தின் பகுதியாக இருந்து வருகிறது. 2002ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 86ஆம் திருத்தம், ஆறு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இளம்பருவப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45ஆம் பிரிவில் வகுத்தது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992ஆம் ஆண்டில் இணைந்தது. தன்னைப் பாதிக்கும் செயல்களில் குழந்தை தன் கருத்தைக் கூறலாம் என்றும், அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. இது பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று பலர் கருதி வந்தனர். சொல்லால் பேசுவதற்கு நெடுநாள் முன்னரே குழந்தை தன் விருப்பத்தைப் பல வழிகளில் வெளியிடுகிறது என்று, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2005ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையிலான காலத்தை அடித்தள நிலை என ஒன்றாக இணைத்தது. இந்நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வரைவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கன்வாடிகளில் கல்விக்கு மேலும் இடமளிக்கும் ‘போஷண் பீ, படாய் பீ’ திட்டம் 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வயதினருக்கான ‘ஆதார்சிலா’ கலைத்திட்டம் 2024ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இவையாவும் விளையாட்டு வழிக் கல்வியை வலியுறுத்துகின்றன. எனவே கொள்கையில் குறை கூற இடமில்லை. அது மையத்தின் கதவைத் தாண்டி உள்ளே வருகிறதா என்பதே இனிக் காண வேண்டியது.

இரு ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 28 குழந்தைகள் அதில் கலந்துகொண்டனர். படம் வரைவதற்கு மேலும் நல்ல பொருள்களைக் கொண்டு வருவதாக எல்லாக் குழந்தைகளுக்கும் வாக்குத் தரப்பட்டது. ஒரு பாதியினருக்கு அவ்வாக்கு நிறைவேற்றப்பட்டது. மறுபாதியினரிடம் ‘பொருள் இல்லை’ என்று கூறப்பட்டது. பின்னர் ஒவ்வொரு குழந்தையின் முன்பும் ஓர் இனிப்பு வைக்கப்பட்டது; உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடமே காத்திருந்தனர்.

இவ்வேறுபாட்டைக் குழந்தையின் பொறுமைக் குறைவு என்று கொள்ள முடியாது. சொல்லைக் காப்பாற்றாதவரிடம் காத்திருப்பதால் பயனில்லை என்று அக்குழந்தைகள் சரியாகவே முடிவு செய்தனர். ‘நாளை முட்டை கிடைக்கும்’ என்று மையத்தில் கூறி, மறுநாள் முட்டை வராமற்போனால், அங்கும் இதே பாடம் கற்பிக்கப்படுகிறது. வறுமையில் வளரும் குழந்தை கிடைத்ததை உடனே பற்றிக்கொள்வதைக் குணக்கேடாகக் கருதும் முன்னர், அதற்குக் கொடுக்கப்பட்ட வாக்குகள் எத்தனை நிறைவேறின என்று கேட்க வேண்டும்.

மற்றோர் ஆய்வு மிச்சிகன் மாநிலத்தில் பெர்ரி முன்பள்ளியில் 1962 முதல் 1967 வரை நடைபெற்றது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளுள் 58 பேர் முன்பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். ஏனையோர் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டனர். அவர்களை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தபோது, முன்பள்ளி பெற்றோர் கல்வியிலும் வருவாயிலும் மேம்பட்டிருந்தனர். குற்றங்களுக்காகக் கைதானதும் குறைவாயிருந்தது. இப்பள்ளியிலிருந்து உருவான முறைக்கு ‘திட்டமிடு, செய், திரும்பிப் பார்’ என்று பெயரிடலாம். குழந்தை காலையில் தான் செய்யப் போவதைக் கூறுகிறது, அதனைச் செய்கிறது, முடிவில் செய்ததைப் பற்றிப் பேசுகிறது. தேர்ந்த ஆசிரியர்களும் வாரந்தோறும் நிகழ்ந்த இல்லச் சந்திப்பும் அங்கு இருந்தமையால், நற்பயன் முழுவதையும் இம்முறைக்கே உரியதாக்க இயலாது. எனினும் ஐந்தாண்டுத் திட்டங்களைக் கண்ட நாட்டில், மூன்று வயதுக் குழந்தையின் அரைமணி நேரத் திட்டத்தையும் மதிப்பதில் தவறில்லை.

மையத்தில் செய்யத்தக்கவை

இருபத்தைந்து குழந்தைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், ஒரே அறை. பெரும்பாலான மையங்களின் நிலை இதுவே. இதற்குள் ஒவ்வொரு குழந்தையின் விருப்பத்தையும் எவ்வாறு கேட்பது என்னும் வினா நியாயமானதே. இதற்குக் கூடுதல் பணமோ கருவியோ அதிகம் வேண்டியதில்லை. அன்றாட ஒழுங்கில் சிறு மாற்றங்கள் போதும்.

முதலாவதாக, வினா சிறியதாக இருத்தல் வேண்டும். ‘என்ன செய்ய விரும்புகிறாய்?’ என்றால் மூன்று வயதுக் குழந்தை திகைக்கும். ‘கட்டைகளை அடுக்குகிறாயா, மணி கோக்கிறாயா?’ என்றால் விடை தரும். நான்கு வயதில் மூன்று, நான்கு வாய்ப்புகளைக் காட்டலாம். ஐந்து வயதில் ‘முதலில் எது, பிறகு எது’ என்று வரிசைப்படுத்தவும் செய்யலாம்.

இரண்டாவதாக, தேர்வு உண்மையானதாக இருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்றைக் கேட்டுவிட்டு, குழந்தை சொன்னதை விட்டு மற்றதைக் கொடுப்பதைவிடக் கேட்காமலிருப்பதே மேல். பொருள்கள் பூட்டிய பெட்டியில் இருந்தால் தேர்வுக்கு இடமேது? உடைந்துவிடும் என்னும் அச்சத்தால் விளையாட்டுப் பொருள்கள் பெட்டியை விட்டு வெளிவராத நிலை ஏற்படலாம். பொருள் கெட்டால் கணக்குக் கூற வேண்டுமே என்று பணியாளர் அஞ்சுவதே இதற்குக் காரணம். இவ்வச்சத்தை நீக்குவது மேலதிகாரிகளின் கடமையாகும்.

மூன்றாவதாக, உணவு வேளை. பசியின் அளவைக் குழந்தையே அறியும். குழந்தையின் பசி, நிறைவுக் குறிப்புகளுக்கு ஏற்ப ஊட்டும் முறையையும், தானே உண்ண ஊக்குவிப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது. என்ன உணவு, எப்போது என்பதைப் பெரியவர் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடலாம். முதலில் சிறிதளவு பரிமாறி, வேண்டியோர் மீண்டும் கேட்கும்படி செய்தால், வீணாவதும் குறையும். ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்கக் கூசும் குழந்தையை இம்முறையில் தனியே கவனிக்க வேண்டும். எடை குறைந்த குழந்தை உணவை மறுத்தால், அதனை விருப்பம் என்று விட்டுவிடாமல் நோயின் அறிகுறியா என்று ஆராய வேண்டும்.

நான்காவதாக, சச்சரவுகள். ஒரே பந்துக்கு இருவர் போராடும்போது, பந்தைப் பிடுங்கி மேலே வைப்பது எளிய வழி. ‘பந்து ஒன்று, பிள்ளைகள் இருவர், என்ன செய்யலாம்?’ என்று கேட்பது கடினமான வழி. முதல் சில நாள்களில் விடை வராது. பணியாளரே இரண்டு வழிகளைக் கூற வேண்டியிருக்கும். காலப்போக்கில், முறைவைத்து ஆடுவது, உருட்டி விளையாடுவது என்று குழந்தைகளே வழி காண்பர்.

ஐந்தாவதாக, தவறான தேர்வு. மணலில் விளையாடுவதைத் தேர்ந்த குழந்தை, சற்று நேரத்தில் பாட்டுக் குழுவைப் பார்த்து ஏங்கலாம். ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பது இவ்விடத்தில் பயன் தராத சொல். ‘இன்று மணலைத் தேர்ந்தாய்; நாளை எதைத் தேர்வாய்?’ என்பது போதுமானது. சிறு ஏமாற்றத்தைக் குழந்தை தாங்கும். பெரிய ஏமாற்றங்களுக்கு அது பயிற்சியும் ஆகும்.

எல்லைகள்

குழந்தையின் முடிவுக்கு விடக்கூடாதவையும் உண்டு. தடுப்பூசி, மருந்து, சாலையைக் கடத்தல், நெருப்பு, கிணறு, பிறரை அடித்தல் ஆகியவற்றில் பெரியவரின் சொல்லே முடிவு. இவ்விடங்களில் ‘ஊசி போட்டுக்கொள்ளலாமா?’ என்று கேட்பது குழந்தையை ஏமாற்றுவதாகும். மறுக்க முடியாத ஒன்றை மறுக்கலாம் என்று காட்டுகிறது. ‘ஊசி போட வேண்டும், வலது கையிலா, இடது கையிலா?’ என்று, மருத்துவப் பணியாளர் இசைவளிக்கும்போது, கேட்கலாம். காரணத்தையும் எளிய சொற்களில் கூறலாம்.

குடும்பத் தகராறுகளில் ‘அம்மாவா, அப்பாவா?’ என்று குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் செய்வதும் தகாது. வயதுக்கு மீறிய முடிவு, உரிமையாக அமையாமல் சுமையாகிவிடுகிறது.

மறுக்கும் உரிமை குழந்தைக்கு முழுமையாக வேண்டிய இடமும் உண்டு. தன் உடலைத் தொடுதல் தொடர்பானது அது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். ஆனால் நடந்ததைச் சொல்லும் துணிவு குழந்தையிடமிருந்து வரவேண்டும். உறவினர் மடியில் அமர விரும்பாத குழந்தையை ‘மாமா கூப்பிடுகிறார், போ’ என்று தள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. பெரியவர் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது என்று மட்டுமே கற்ற குழந்தை, தீயவர் ஒருவரிடம் எவ்வாறு மறுக்கும்? கீழ்ப்படிதலை மட்டுமே வளர்ப்பதன் பேரிழப்பு இங்குத் தெளிவாகிறது.

இல்லமும் பெண் குழந்தையும்

மையத்தில் குழந்தை செலவிடுவது சில மணி நேரமே. மீதி நேரம் இல்லத்தில் கழிகிறது. அங்கே ஆண் பிள்ளையிடம் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கும் வீடுகளில், பெண் பிள்ளையிடம் ‘இதை எடுத்துக்கொள்’ என்று கூறப்படுவது உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்கள் தம் மருத்துவம், வீட்டின் பெரிய கொள்முதல்கள், உறவினர் வீட்டுக்குச் செல்லுதல் ஆகியவை பற்றிய முடிவுகளில் பங்கு பெறுகிறார்களா என்று கேட்கப்படுகிறது. அவ்வினாவுக்கான விடை, மூன்று வயதுச் சிறுமிக்கு எத்தகைய வாய்ப்புகள் கிடைக்கின்றன என்பதிலேயே உருப்பெறத் தொடங்குகிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கே அச்சட்டம் விரைவில் துணையாகிறது.

தாய்மார் கூட்டங்களில் எடையையும் தடுப்பூசியையும் பற்றிப் பேசிய பின், பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். இன்று வீட்டில் மகளிடம் எதைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்னும் ஒரே வினா போதும். தந்தையரும் பாட்டிமாரும் இக்கூட்டங்களுக்கு வருதல் நன்று. பல வீடுகளில் முடிவு அவர்களிடமே உள்ளது.

அலுவலர் கடமை

தனக்கு முடிவெடுக்கும் வாய்ப்பில்லாத பணியாளர், குழந்தைக்கு அவ்வாய்ப்பை அளிப்பது அரிது. பதிவேடுகளும் கைப்பேசிப் பதிவுகளும் அவருடைய நேரத்தில் பெரும்பகுதியைக் கொள்கின்றன. ஆய்வுக்கு வரும் மேற்பார்வையாளர், குழந்தைகள் வரிசையாக, கைகட்டி, ஒலியின்றி அமர்ந்திருப்பதைக் கண்டு பாராட்டினால், மறுமுறையும் அக்காட்சியே அவருக்காக ஏற்பாடு செய்யப்படும். அறையின் ஒரு மூலையில் கட்டை, ஒரு மூலையில் படம், ஒரு மூலையில் கதை என்று குழந்தைகள் பரவியிருப்பதை அவர் குறையாகக் கருதலாகாது.

ஆகவே மையத்துக்குச் செல்லும் அலுவலர், பதிவேட்டைப் புரட்டும் முன்னர் நான்கினைப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் பொருள்கள் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளனவா? அன்றைய நாளில் குழந்தை தானே தேர்ந்து செய்த வேலை ஒன்றேனும் உண்டா? ‘போதும்’ என்றும் ‘இன்னும் வேண்டும்’ என்றும் குழந்தைகள் தயங்காது கூறுகின்றனரா? பெண் குழந்தைகளும், ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளும், உடற்குறை உடைய குழந்தைகளும் அவ்வாய்ப்பைச் சமமாகப் பெறுகின்றனரா? இவற்றுக்குப் படிவம் தேவையில்லை. அரைமணி நேரம் தரையில் அமர்ந்து பார்த்தால் போதும்.

எடையை நிறுத்து அறியலாம். உயரத்தை அளந்து அறியலாம். ஒரு குழந்தை எண்ணித் துணிந்ததை அவ்வாறு அளந்து அட்டவணையில் சேர்க்க இயலாது. அதனாலேயே அது எளிதில் மறக்கப்படுகிறது. இன்று முற்றத்தில் அமர்ந்து கட்டையா, மணியா என்று எண்ணும் சிறுமி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கிராம சபையில் எழுந்து பேச வேண்டியவள். அவளுடைய விடைக்காகச் சற்று நேரம் காத்திருத்தல் அங்கன்வாடிப் பணியின் ஒரு பகுதியே என்பதை அலுவலரும், நாளை அலுவலராகப் போகும் மாணவரும் மனங்கொள்ளுதல் வேண்டும்.